பதில் வராத கட்டு

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்சிக்காரர் அழுதுகொண்டிருந்தாலும் கேள்வி கேட்பதை நிறுத்த மாட்டேன். "வக்கீல் சிவசைலத்துக்கிட்ட போனா வீட்டு நாய் பேரையும் கேப்பாரு" என்று பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரு பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். அந்தப் பழக்கம் இல்லையென்றால் சாலோமியின் கேஸ் அன்றைக்கே படுத்திருக்கும்.

சாலோமியின் கணவர் தானியேல் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் சைக்கிளில் வீடு திரும்பும்போது, தெருமுனை அரிசி மில்லின் சுற்றுச்சுவர் சரிந்து அவர் மேல் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. மில்காரர் எபனேசர் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டோம். அவர் கொடுத்த பதில் மனுவில் ஒரு வரியை சாலோமி விரலால் குத்திக் காட்டினார்.

"சுவர் நல்லாத்தான் நின்னுச்சாம். இவிய ஏறிக் குதிச்சதுல விழுந்துச்சாம். நாப்பத்தெட்டு வயசு வாத்தியார் மில்லு சுவர்ல எதுக்கு சார் ஏறணும்? அரிசி திருடவா? நஷ்டஈடு வந்தா வரட்டும், வராட்டா போகட்டும். இந்த வரி பொய்யின்னு கோர்ட்டு சொல்லணும்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் கோபத்தை எந்த நீதிபதி சாட்சியமாக எடுத்துக்கொள்வார்? சுவர் முன்பே சாய்ந்திருந்தது, அது எபனேசருக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் எழுத்தில் ஏதாவது வேண்டும்.

"பஞ்சாயத்துல மனு கொடுத்தாரா?"

"இல்ல சார். ஒரே கோயில்ல உக்காருதோம், மனு கொடுத்துட்டு எப்படி மூஞ்சில முழிக்கன்னுட்டாவ."

சர்ச்சுக்கு அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

"அப்ப யாருட்டதான் சொன்னாரு?"

"மில்லு அண்ணாச்சிட்டயே ரெண்டு தடவ வாயால சொன்னாவ. அப்புறம் கோயில் பெட்டியில சீட்டு எழுதிப் போட்டாவ. ஆண்டவர்ட்ட சொல்லியாச்சுன்னு வந்து நிக்காவ! நான் ஏசுன ஏச்சு கொஞ்சமில்ல."

என்ன சீட்டு? என்ன பெட்டி? யார் திறப்பார்கள்? நெல்லையப்பர் கோயிலைத் தாண்டிப் பழக்கமில்லாத எனக்கு இதெல்லாம் புதிது. மறுநாள் காலையிலேயே சர்ச் ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே செயலாளர் ஞானசௌந்தரி. நான் கேட்கக் கேட்க அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பெட்டியில் விழும் ஜெபக் குறிப்புகளை ஞாயிறு ஆராதனையில் சபையார் ஒருவர் வாசித்து ஜெபிப்பார். வாரத்துக்கு ஒருவர் முறை. ஜெபித்தவர் சீட்டின் பின்னால் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

"கையெழுத்து எதுக்கும்மா?"

"முன்ன ஒருத்தரு வாசிக்காமலே சட்டைப் பையில போட்டுட்டுப் போயிட்டாரு சார். அதுல இருந்து இப்படி."

"அப்புறம் சீட்டைக் கிழிச்சிருவீங்களா?"

"ஐயையோ! ரெண்டு கட்டா கட்டி வச்சிருக்கோம். ஜெபத்துக்குப் பதில் வந்தது ஒரு கட்டு, வராதது ஒரு கட்டு. வராததுக்கு வருசக் கடைசியில மறுபடி ஜெபிப்போம்."

வராத கட்டைப் பிரித்தோம். மகன் பரீட்சை, மருமகள் பிரசவம், துபாய் விசா, மூட்டுவலி. நடுவில், கரும்பலகையில் எழுதினாற்போல முத்து முத்தாக ஒரு கையெழுத்து: 'எங்கள் தெரு மில் சுவர் பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. உரியவரிடம் இருமுறை சொல்லியாயிற்று. அவர் மனம் இரங்கவும், யாருக்கும் ஆபத்து வராதிருக்கவும் ஜெபிக்கவும். தானியேல்.'

திருப்பினேன். பின்பக்கத் தேதி, சாவுக்கு ஐந்து வாரம் முந்தியது.

"இது யார் கையெழுத்து?"

ஞானசௌந்தரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"எபனேசர் அண்ணாச்சிது. அன்னைக்கு அவிய முறை."

குறுக்கு விசாரணையில் அந்தச் சீட்டை எபனேசர் கையில் கொடுத்தேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் பார்த்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான்."

"வாசிச்சு ஜெபிச்சீங்களா?"

அவருடைய வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் எபனேசர் சொல்லிவிட்டார்: "ஜெபிச்சேன். யார் மேலயும் விழுந்துரக் கூடாதுன்னு உருகித்தான் ஜெபிச்சேன்."

"கொத்தனாரைக் கூப்பிட்டீங்களா?"

"மழை முடியட்டும்னு இருந்தேன்."

"தானியேல் ஏறிக் குதிச்சாருன்னு மனுவுல இருக்கே?"

"அது பொய். அத எழுதச் சொல்லியிருக்கக் கூடாது." சாலோமி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. தானியேல் சுவரில் ஏறினார் என்பது பொய் என்று நீதிபதி எழுதியிருந்த பக்கத்தை சாலோமி கோர்ட் வராந்தாவில் நின்று இரண்டு தடவை படித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஞானசௌந்தரியும் வந்திருந்தார். அசல் சீட்டு கோர்ட்டில் இருந்ததால் அவர் கையில் நகல்.

"சாலோமி, இனி இதைப் பதில் வந்த கட்டுல சேத்துரட்டுமா?"

எனக்கும் அதே கேள்விதான் வாய்வரை வந்திருந்தது. சாலோமி நகலை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்கும் ஆபத்து வரக் கூடாதுன்னுல்லா எழுதியிருக்காவ. பழைய கட்டுலயே இருக்கட்டும்க்கா."