பயான், பாகம் மூன்று

என் வீட்டுக்காரர் சேக் பரீத் எண்ணினால் எண்ணினதுதான். முப்பது வருஷமாக உத்தமபாளையம், கம்பம் தோட்டங்களில் திராட்சை மொத்தமாகப் பிடித்துக் கேரளாவுக்கு லாரி ஏற்றியவர். பெட்டி ஏறும்போது பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். இந்த மனுஷன் கவனிக்கவே இல்லை என்று தோன்றும். ஒரு பெட்டி குறைந்தால் பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். லோடு ஏற்றுகிறவர்கள் அவரிடம் வாலாட்டியதே இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்த மனிதர் தோட்டத்தில் நின்ற இடத்திலேயே சரிந்தார். பக்கவாதம். தேனிக்குக் கொண்டு போய் உயிரைப் பிடித்து வைத்தோம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு மட்டும் தப்பித்தது. அதை வைத்துக்கொண்டு அவர் செய்த ஒரே வேலை, எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொன்னதுதான்.

முதல் ஆறு மாசத்தில் எவ்வளவு மீட்கிறோமோ அவ்வளவுதான் சுருக்கா வரும், பிறகு ஆமை வேகம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வாரம் மூன்று நாள் சின்னமனூரிலிருந்து ஜோயல் என்கிற பிசியோ தம்பி பைக்கில் வருவான். பொறுமையான பிள்ளை.

"ஐயா, முழங்காலை மட்டும் மடக்கி மேல தூக்குங்க. பத்துத் தடவை போதும்."

"தம்பி, காபி குடுத்தாகளா?"

"குடுத்தாகய்யா."

"அப்பக் கெளம்பு."

அன்று வாசலில் வண்டியை எடுக்கும்போது ஜோயல் என்னிடம் தனியாகச் சொன்னான். "அம்மா, கால்ல தெம்பு இருக்கு. நான் தொட்டுப் பாத்துட்டேன். அவுகதான் தூக்கிப் பாக்கவே மாட்டேங்குறாக. இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே போனா கட்டிலோடதான்."

எனக்குக் கோபம் வந்தால் அடங்க நேரமாகும். நேரே உள்ளே போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றேன்.

"தொண்ணூத்தொம்பதுல என்னைய என்ன பாடு படுத்துனீக? அழுதாலும் விடலையே. இப்ப ஒங்களுக்குன்னா மட்டும் முடியாதா?"

"நான் எங்க ஒன்னயப் படுத்துனேன்? நீயா எந்திரிச்சு நடந்த."

"பொய் சொல்லாதீக."

"சாட்சி இருந்தாக் கொண்டா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாட்சி இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருபத்தொரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

தொண்ணூற்றொன்பதில் எனக்கு இருபத்துநாலு வயது. அவர் ஓட்டிய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனபோது நாய் குறுக்கே வந்து விழுந்தோம். அவருக்குச் சிராய்ப்பு, எனக்குத் தொடை எலும்பு முறிவு. மதுரையில் கம்பி வைத்தார்கள். பன்னிரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, தினம் இரண்டு வேளை என்று அங்கிருந்த பிசியோ அம்மா ஒருமுறை செய்து காட்டினார். எனக்கு வலியில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இவர் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த கொழுந்தன் ஒரு வீடியோ காமிரா கொண்டு வந்திருந்தான். கேசட்டை அப்படியே உள்ளே போட்டுத் தோளில் தூக்கி வைக்கிற பெரிய காமிரா. குடும்பத்தைப் படம் பிடிக்கக் கொண்டு வந்ததை இவர் வாங்கி எங்கள் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பன்னிரண்டையும் முதலில் இவர் செய்து காட்டி, பிறகு என்னைச் செய்ய வைத்து, ஒரு கேசட்டில் பிடித்தார். அவர் தோட்டத்துக்குப் போன பிறகு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் வீடியோ டெக்கில் அதைப் போட்டுப் பார்த்துச் செய்ய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அந்தக் கேசட்டில் நான் நைட்டியை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு கிடப்பேன். டெக் இருந்ததோ கூடத்தில். மச்சான், கொழுந்தன், அவர்கள் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வந்து எதையாவது போட்டுப் பார்க்கிற வீடு. அதனால் ஒரு யோசனை செய்தேன். என் மாமனார் பயான் கேசட் சேர்ப்பவர். மார்க்கச் சொற்பொழிவுகள், பாகம் ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசையாக அடுக்கியிருப்பார். அதில் மூன்றாவதை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. என் கேசட்டின் மேல் 'பயான், பாகம் 3' என்று அழகாக எழுதி அந்த இடைவெளியில் சொருகிவிட்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதைத் தொட்டாலும் அந்த வரிசையைத் தொட மாட்டார்கள்.

கால் சரியானதும் அதை மறந்தே போனேன். ஐந்து வருஷம் கழித்து மாமனார் மௌத்தாகி நாற்பதாம் நாள் முடிந்ததும், அவருக்கு நன்மை சேரட்டும் என்று இவர் பதினொரு கேசட்டையும் அள்ளிக்கொண்டு போய் ஜெய்த்தூன் பீவியிடம் கொடுத்துவிட்டார். ஜெய்த்தூன் மாமி இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். முக்காடு விரல்கடை நழுவினாலும் கூட்டத்தில் வைத்தே கேட்டுவிடுவார். எனக்கு விஷயம் தெரிந்தபோது ஒரு வாரம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மாமியின் வகுப்புக்கு நான் போனதில்லை. கடைக்குப் போவதென்றாலும் அந்தத் தெருவை விட்டுச் சுற்றித்தான் போவேன். கல்யாண வீடுகளில் மாமி உட்கார்ந்த பந்தியில் உட்கார மாட்டேன். வெட்கம் மனுஷியை எவ்வளவு நடக்க வைக்கும் என்பதற்கு நானே அத்தாட்சி.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவுக்குள் நேராக நடந்தேன். அவர் எழுந்து நடந்தால் போதும், என் மானம் எங்கே போனாலும் போகட்டும் என்று இருந்தது.

மாமி தரையில் பாய் போட்டு உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். சலாம் சொல்லிவிட்டு, தைரியம் போவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

"மாமி, எங்க மாமா மௌத்துக்கு அவுக குடுத்த பயான் கேசட்டுல மூணாம் பாகம் மட்டும் வேணும்."

மணி நின்றது. "மூணா?"

"ஆமா மாமி."

"அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

காது இரண்டும் சுட்டது. "தெரியும் மாமி."

மாமி எழுந்தார். எழுபத்துமூன்று வயது. சுவரைப் பிடிக்கவில்லை, தரையில் கை ஊன்றவில்லை, யா அல்லாஹ் என்று ஒரு முனகல்கூட இல்லை. அலமாரியிலிருந்து துண்டில் சுற்றிய கேசட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போ. நாலாவது மட்டும் எனக்கு இன்னமும் சரியா வரல."

"எது நாலாவது?"

"படுத்துக்கிட்டுக் காலத் தூக்கி வட்டம் போடுறது."

மாமி என்னை உட்கார வைத்துச் சொன்னார். வகுப்பில் போடுவதற்கு முன்னால் நல்லவேளையாகத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் பதறி நிறுத்தியிருக்கிறார். அப்போது மாமிக்கு முழங்கால் மடங்காது, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. இரண்டு நாள் யோசித்து, கதவைத் தாழ் போட்டுவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்.

"ஒண்ணு ரெண்டுன்னு ஒன் மாப்ள எண்ணுறதக் கேட்டு நானும் தூக்கிப் பாத்தேன். மூணு மாசத்துல தரையில நெத்திய வச்சு சுஜூது செஞ்சேன், ஆத்தா. பதினஞ்சு வருஷம் அதப் போட்டுப் பாத்தேன். அப்பறம் டெக்கு பழுதாப் போச்சு. அதுக்குள்ள மனப்பாடமாயிருச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே மாமி."

"ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு வாயத் தொறக்கல. நாலாவத எப்பிடிச் செய்யுறதுன்னு கேக்க ஒன்னய எத்தன கல்யாணத்துல தேடிருப்பேன். நீ கண்ணுலயே பட மாட்ட." படி வரை வந்து வழியனுப்பியவர் ஒன்று சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறான். எண்ணத்தான் தெரியல. ஒவ்வொரு தடவையும் ஏழ ரெண்டு வாட்டி சொல்றான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திராட்சைப் பெட்டியில் ஒன்று தப்பாத மனுஷன்.

மறுநாள் காலை கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். எங்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த அழகுமலை அண்ணன் இன்னும் ஒரு பழைய டெக்கை ஓட விட்டு வைத்திருக்கிறார். கேசட்டில் இருப்பதைப் பென்டிரைவில் ஏற்றித் தருவார். போகிற போக்கில் எங்கள் கல்யாணக் கேசட்டையும் எடுத்துப் போயிருந்தேன். பட்டுத்துணியில் சுற்றிப் பீரோவுக்குள் முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தது. அண்ணன் மூடியைத் திறந்து காட்டினார். டேப் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

"இதச் சுத்தம் பண்ண பத்து நாளாகும். எம்புட்டு மிஞ்சும்னு சொல்ல முடியாது தங்கச்சி. இன்னொண்ணக் குடு." பாகம் மூன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்பிடி இப்பிடிப் பளபளன்னு இருக்கு?"

"அடிக்கடி ஓடுனதுண்ணே."

"அதான். ஓடுனது பொழச்சுக்கிருச்சு."

டெக்கில் போட்டார். நான் கையை நீட்டித் தடுத்தேன். "நீங்க செவுத்தப் பாத்து உக்காருங்கண்ணே."

"படம் வருதான்னு நான் பாக்கணுமே."

"நான் பாத்துச் சொல்றேன்."

அறுபது வயது மனிதர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தன் கடையிலேயே காலண்டரைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

படம் கொஞ்சம் நடுங்கி, கோடு விழுந்து, நேரானது. கைலியை மடித்துக் கட்டிய முப்பது வயது சேக் பரீத். தலை நிறைய முடி. பாயில் படுத்துக்கொண்டு, "மொதல்ல நான் பண்றேன், பாத்துக்க" என்றார். பிறகு நான். எலும்பும் தோலுமாக, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. முடியல என்று அழுகிறேன். காமிராவுக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. "முடியலன்னு சொல்ற தெம்பக் கால்ல குடு. ம், ஒண்ணு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அஞ்சு. ஆறு. ஏழு. ஏழு. எட்டு.

அடுத்த பயிற்சியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பத்து என்று சொல்லிப் பதினொன்று வாங்கியிருக்கிறார். வலியில் எனக்கு எண்ணிக்கையே காதில் விழுந்ததில்லை. இருபத்தாறு வருஷம் கழித்துக் கடையில் உட்கார்ந்து எனக்குக் கோபம் வந்தது.

"பாயி ஏழ ரெண்டு தடவ சொல்றாகளே தங்கச்சி" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

"காதையும் பொத்திக்கங்கண்ணே."

வீடு திரும்பி, சாயங்கால அஸர் தொழுதுவிட்டு டிவியில் போட்டேன். அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். முதலில் வேடிக்கை போலப் பார்த்தார். "எம்புட்டு முடி" என்றார். நான் அழுகிற இடம் வந்தது. காலில் குடு என்கிற அவருடைய குரலும் வந்தது.

"நிறுத்து."

"சாட்சி கேட்டீகள்ல. பாருங்க."

"நிறுத்து ரெஹானா. வண்டி ஓட்டுனது நான். நீ எந்திரிக்காமப் போயிட்டா ஒன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறதுன்னு பயத்துல வெரட்டுனேன். வேற ஒண்ணுமில்ல."

"இப்ப எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவர் வலது கையால் இடது முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "எனக்கும் பயந்தான். தூக்கிப் பாத்து வரலைன்னா? தூக்காத வரைக்கும், வந்தாலும் வரும்னு இருக்கும்ல."

நாலு மாதமாக இந்த மனுஷன் இதைத்தான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஆறுதல் வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆறுதல் சொன்னால் இன்றைக்கும் விட்டுவிடுவார் என்று தெரியும்.

டிவியை நிறுத்தினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். "மொதல்ல நான் பண்றேன், பாத்துக்கங்க."

ஐம்பது வயதில், கம்பி கிடக்கிற தொடையை வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கித் தூக்குவது சுலபமில்லை. வலியைக் காட்டாமல் எண்ணினேன். ஆறு. ஏழு. ஏழு.

"ஏழு சொல்லியாச்சு" என்றார் மேலேயிருந்து.

"தெரியும். எனக்குச் சொல்லிக் குடுத்தவுக அப்பிடித்தான் எண்ணுவாக."

திரும்பிப் பார்த்தேன். திருட்டு முழி முழித்தார். உத்தமபாளையத்தில் சேக் பரீத் எண்ணிக்கையில் பிடிபட்டது அன்று ஒரு நாள்தான். சாய்ந்திருந்தவர் மெல்லச் சரிந்து மல்லாக்கப் படுத்தார். நான் எழுந்து பக்கத்தில் போனதும், "புடிச்சு விட்றாத" என்றார்.

இடது பாதம் அப்படியே கிடந்தது. நெற்றி நரம்பு மட்டும் புடைத்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் தூக்கிவிட்டிருப்பேன். குதிகால் விரிப்பை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. முழங்கால் ஒரு சாண் மேலே வந்து, ஆடி, விழுந்தது.

"ஒண்ணு" என்றேன்.

இரண்டாவதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. நாலாவதில் பல்லைக் கடித்தார். ஆறாவதில் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஏழு என்றேன். கால் அரைச் சாண் எழுந்து தொப்பென்று விழுந்தது.

எட்டு சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு ஏழு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவர் என்னை முந்திக்கொண்டார். "ஏழு" என்றார், காலைத் தூக்கினார்.