பக்கத்தில் வந்து அடித்த மணி

வாய்க்கால் கரைப் பாதையில் பல்லண்ணன் யாரையும் முந்திப் போய் மூன்று மாதம் ஆகிறது. முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் போதும், சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். இறங்கி, உருட்டிக்கொண்டே பத்தடி பின்னால் நடப்பார். அந்த ஆள் நின்றால் இவரும் நிற்பார். மரியாதை என்று இவர் நினைத்துக்கொள்ளலாம். முன்னால் போகிறவருக்கு எப்படி இருக்கும்? போன வாரம் ஒரு பெண் திரும்பி நின்று, "ஏங்க, போறதுன்னா போங்க. எதுக்குப் பின்னாலயே வர்றீங்க?" என்று கத்தியே விட்டாள். ஏறி ஓட்ட வேண்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருத்தன் நம் பின்னாலேயே வந்தால் யாருக்குத்தான் பயம் வராது!

பல் செட் செய்கிற லேபிலிருந்து பல் மருத்துவமனைகளுக்குப் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். பெட்டிக்குள் பேர் எழுதி ஒட்டிய டப்பாக்களில் மேல் வரிசை, கீழ் வரிசை என்று பற்கள் இளித்துக்கொண்டு கிடக்கும். "நான் பிரேக் பிடிச்சா கேரியர்ல நாலு பேர் பல்லைக் கடிக்கிறாங்க" என்று முன்பெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. லேபை நடத்துகிற பெண்ணுக்குத் தங்கை வயதுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"அண்ணே, ஒன்பது மணிக்குச் சேர வேண்டிய பல்லு பத்தரைக்குப் போகுது. டாக்டர் போன்ல என்னைக் கடிச்சுக் குதறுறார். உங்க சைக்கிள்ல மணி இல்லையா?"

"இருக்கும்மா."

"அதை அடிச்சுட்டுப் போறதுக்கு என்ன?"

பல்லண்ணன் பெட்டியைத் தூக்கிக் கேரியரில் வைத்துக் கட்டினார்.

மணி அடிப்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தூரத்திலிருந்தே கிணுகிணு என்று அடித்துக்கொண்டு வருவது அநாகரிகம். மாட்டை ஓட்டுகிற மாதிரி மனிதரை ஓட்டக் கூடாது. கிட்டே போய், ஒரே ஒரு தடவை, மெதுவாக ஒரு தட்டு. அவ்வளவுதான். இருபது வருடமாக அப்படித்தான். எத்தனையோ பேர் திடுக்கிட்டுத் துள்ளியிருக்கிறார்கள். "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தூரத்திலேயே அடித்திருந்தால் அவர்கள் நிதானமாக ஒதுங்கியிருப்பார்களே என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. நமக்கு மரியாதை தெரியும் என்கிற நினைப்பு இருக்கிறதே, அதைப் போலக் கண்ணை மறைப்பது வேறு எதுவும் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள், காலை ஏழு மணி இருக்கும். பாதைக்கு இடப்பக்கம் மில் சுவர், வலப்பக்கம் வாய்க்கால். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வாய்க்கால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற அளவு இடம் இருந்தது. பல்லண்ணன் அந்த இடத்துக்குள் சைக்கிளை விட்டு, கைக்கெட்டும் தூரத்தில் வந்து, மெதுவாக ஒரு மணி அடித்தார். பெரியவர் வாய்க்கால் பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். அவரோ இடப்பக்கம், சைக்கிளுக்கு நேராகத் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பு. "வந்துட்டியா" என்றார்.

அதற்குள் ஹேண்டில்பார் அவர் விலாவில் இடித்துவிட்டது. கரைக் கல்லில் தலை பட்ட சத்தம் பெரிய சத்தம்கூட இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

போலீஸில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார் பல்லண்ணன். மணி அடித்தேன், திரும்பினார், இடித்துவிட்டது. வேண்டுமென்று செய்ததல்ல என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. முன்பின் தெரியாத மனிதர் தன்னைப் பார்த்து, ரொம்ப நேரமாகக் காத்திருந்தவர் போல, 'வந்துட்டியா' என்று சிரித்தார் என்பதை எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து மணி மேல் விரல் போனாலே வலது காதோரம் அந்தக் குரல் கேட்கும். முன்னால் போகிற எந்த முதுகும் அந்த முதுகாகத் தெரியும். இப்போது திரும்பும், இப்போது சிரிக்கும் என்று சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெள்ளை வெளேரென்ற விடியலிலேயே பேய்.

மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த துணியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த வார்த்தை உங்களுக்குச் சொன்னது இல்லைங்க. வேற யாருக்கோ வந்த லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டு, நீங்களே வச்சுக்கிட்டு இருக்கீங்க. அவங்க வீட்டுல போய்க் கொடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்குத் தூக்கம் கிடையாது."

"அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

"முழிச்சுத்தான் ஆகணும்."

முழிக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓட்டினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், ஆனால் கால் எழும்பாது.

அன்றைக்கும் காலைதான். மில் சுவர் ஓரமாக ஒரு அம்மாள் போய்க்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். சுவரை உரசுகிற மாதிரி நடந்தாள். வாய்க்கால் பக்கம் தாராளமாக இடம் கிடந்தது. பல்லண்ணன் வழக்கம்போல் இறங்கி உருட்டினார். டயருக்கடியில் சரளைக்கல் நெறிபட்டதும் அந்த அம்மாள் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"கொஞ்சம் பொறுத்துப் போங்க தம்பி. இந்தப் பக்கம் ஆள் போறாரு."

வலது கையால் வாய்க்கால் ஓரத்தைக் காட்டினாள். அங்கே யாரும் இல்லை. பல்லண்ணன் சைக்கிளோடு ஓரடி பின்வாங்கினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள், அவர் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள். "பயந்துட்டீங்களா? பைத்தியம்னு நினைக்காதீங்க. முப்பத்தாறு வருஷப் பழக்கம். எங்க வீட்டுக்காரருக்கு இடது காது சுத்தமா கேட்காது. அதனால இடப்பக்கம் எப்பவும் நான் நடப்பேன், அவர் வாய்க்கால் ஓரமா வருவார். அவர் போனப்புறமும் அந்த இடத்துல கால் வைக்க வரமாட்டேங்குது."

பல்லண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். இல்லாவிட்டால் கீழே போட்டிருப்பார்.

"சைக்கிள் இடிச்ச அன்னைக்கு மட்டும் நான் கூட வரலை," என்றாள் அந்த அம்மாள். "காதுல மாட்டுற மிஷினை மாட்டிக்கிட்டு வாங்கன்னேன். மாட்டேன்னார். பெரிய சண்டை. 'நீங்க போங்க, நான் கோபம் தணிஞ்சா பின்னாடி வர்றேன்'னு சொல்லிட்டு இழுத்துப் போத்திப் படுத்துட்டேன். கோபமாத்தான் போனார் மனுஷன். கோபமாவே போய்ட்டார். அதுதான் என்னை அரிக்குது தம்பி."

அன்று அந்தப் பெரியவர் விட்டுவைத்திருந்த இடம், தான் சைக்கிளை நுழைத்த அந்த இடம், யாருடையது என்று பல்லண்ணனுக்கு இப்போது புரிந்தது. சொல்லாமல் ஏறிப் போய்விடலாம். இந்த அம்மாளுக்கு ஆளைத் தெரியாது. ஆனால் அடிவயிற்றிலிருந்து வார்த்தை தானாக வந்துவிட்டது.

"அம்மா, அந்த சைக்கிள் என்னுதுதான்."

அவர் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். கிட்டே வந்து அடித்ததை, அதை மரியாதை என்று நினைத்ததை, ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனதை. "அவர் கோபமா போகலம்மா. என் பக்கம் திரும்பி 'வந்துட்டியா'ன்னு கேட்டாரு. நீங்கன்னு நினைச்சுத்தான் கேட்டிருக்காரு."

"எப்படிக் கேட்டாரு?"

"சிரிச்சுக்கிட்டே."

அந்த அம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. கண் நிறைந்து வழிந்தது. பல்லண்ணனுக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. பாவி மனுஷன், நிம்மதியாக ஒரு மூச்சுகூட விட்டார்.

"ஒன்பது நாள் இருந்தாரு," என்றாள் அவள், முகத்தைத் துடைக்காமலே. "வலது காது கேட்கும், பேசிக்கிட்டே இருங்கம்மான்னு டாக்டர் சொன்னாரு. சண்டை போட்டுட்டுப் போனவர்கிட்ட என்ன பேசறது? என்ன சொன்னா அவருக்குப் பிடிக்கும்? ஒண்ணும் தெரியாம வாயை மூடிக்கிட்டுக் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"கேட் வரைக்கும் வந்தியே. உள்ள வந்து அதைச் சொல்லியிருந்தா, என்ன பேசறதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமே."