மகன் தலைமாட்டுக் குரோட்டன்

பண்டாரவளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில், சமையற்கட்டுச் சுவரின் சூட்டை அண்டி, பீப்பாயை அறுத்துச் செய்த தொட்டியில் ஒரு குரோட்டன் செடி வளர்ந்து நின்றது. நத்தார் என்னும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருவோர் அதன் சிவப்பையும் மஞ்சளையும் காணவேண்டுமென்று, துரையின் மனைவியான துரைசானி அதனை முன்வாசலுக்கு மாற்றச் சொன்னார். தோட்டக்காரன் பிலிப்பு மாற்றினான். வாடைக்காற்றில் இலைகள் தொங்கின. தாகமென்று எண்ணிக் காலையும் மாலையும் நீர் ஊற்றினான். குளிரில் தேங்கிய நீர் வேரை அழுகச் செய்தது, இலைகள் உதிர்ந்தன.

கணக்கப்பிள்ளை சின்னராசா தொட்டியைச் சுற்றி வந்தார்.

"என்னடா பிலிப்பு, செடிக்கு மொட்டையடிச்சிட்டியா? வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டியோ?"

"குளிருங்க, ஐயா."

"அத துரைகிட்டப் போயிச் சொல்லு. நத்தாருக்கு இலையோட செடி நிக்கலன்னா, ஒம் பேரயும் ஒம் பொஞ்சாதி பேரயும் வெட்டிருவாரு. மடுல்சீமைப் பக்கம் போயி வேல தேடிக்க."

இலை உதிர்ந்ததற்காக இருவரின் பிழைப்பை வெட்டுவது எவ்வகை நீதி? கேட்பதற்கு அங்கே எவருமில்லை. பேர் வெட்டப்பட்டவர் மீண்டும் தோட்ட எல்லைக்குள் கால்வைக்கவும் இயலாது. கீழ்ச்சரிவில், காற்றுப்படாத பள்ளத்திலிருந்த இடுகாட்டில் அவர்களுடைய ஒரே மகன் கிடந்தான். மரச்சிலுவையைக் கறையான் தின்றுவிட்டது. பங்களாச் செடியில் கழித்த கொம்பொன்றைப் பிலிப்பு அவன் தலைமாட்டில் நட்டிருந்தான். அது இடுப்பளவு வளர்ந்து, அடையாளமாக நின்றது.

"ஒரே வழிதான் இருக்கு, றோசாலி," என்றான் பிலிப்பு மனைவியிடம்.

அவள் புரிந்துகொண்டாள். "புள்ள தலமாட்டுலேர்ந்தா? ஒங்களுக்குக் கை வருமாங்க?"

"வராதுதான். நம்மளும் போயிட்டா அவனுக்கு இங்க யாரு இருக்கா?"

 மண்வெட்டியை அவளே எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

இலைகளோடு செடியைப் பெயர்த்தார்கள். தொட்டிக்குள் அடங்காத வேர்களைப் பிலிப்பு கத்தியால் நறுக்கினான். குழியை மூடி, அடையாளமாக ஒரு கல்லை வைத்தான். செடி முன்வாசலில் நின்றது. துரைசானி ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார். அன்று மாலை தொடங்கிய மழை விருந்துநாள்வரை விடவில்லை. வேரை இழந்து, அதே காற்றில் நின்ற அச்செடி, விருந்தினரின் வண்டி வருமுன்னரே தன் இலைகளையெல்லாம் படியில் கொட்டியிருந்தது.

மறுநாட்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் இருவர் பேரும் வாசிக்கப்படவில்லை.

"மத்தியானத்துக்குள்ள லயத்து வீடு காலியாகணும்," என்றார் சின்னராசா. பிறகு வேறுபக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தக் குச்சிய வேணுன்னா எடுத்துட்டுப் போ," என்றார்.

பிடுங்கிய செடியை அது முன்பு இருந்த இடத்திலேயே நட்டுவிட்டுப் போகலாமென்று மூட்டை முடிச்சுகளோடு இடுகாட்டிற்கு இறங்கினார்கள். மழை மேட்டுமண்ணை வழித்துக்கொண்டு வந்து பள்ளத்தை நிரப்பியிருந்தது. எங்கும் ஒரே சேறு, எங்கும் கற்கள்.

"எந்தக் கல்லுங்க வச்சீங்க?"

பிலிப்பு கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். றோசாலி மண்டியிட்டு, ஒவ்வோரிடமாக உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். "நம்ம தோண்டுன எடம் இளகி இருக்குமில்ல? இதுங்களா? இது?"

எல்லா இடமும் இளகியே இருந்தது.

மேலேயிருந்து காவற்காரன், "இன்னும் போகலையா?" என்று கூவினான். எங்கே நடுவதென்று அறியாமல், அந்த மொட்டைக் கொம்பின்மேல் காற்றுப் படாதபடி, பிலிப்பு அதனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.