கீழே ஆள் இல்லை

வெளிச்சம் வருமுன்பே ரெமே கூடையில் ஏறிவிட்டாள். வண்டியின் இரும்புக் கை அவளை எல்ம் மரத்தின் நடுக்கிளைவரை தூக்கி நிறுத்தியது. வெயில் ஏறுவதற்குள் தெருவின் ஒரு பக்கத்தையாவது முடிக்க வேண்டும். ஜூன் மாதத்துச் சான் எவாரிஸ்தோவில் பத்து மணிக்கு மேல் ரம்பத்தின் உறையைக் கையால் தொட முடியாது.

கயிற்றை இழுத்தாள். ரம்பம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் நெடியும் பச்சை மரத்தின் புளித்த வாசமும் ஒன்றாக ஏறின. மரத்தூள் கழுத்துப் பட்டைக்குள் விழுந்து வியர்வையில் ஒட்டியது.

வெட்டுவதற்கு முன் மேலே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். "விலகு." கீழே நிற்பவர் நடைபாதையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு "சரி, வெட்டு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் ரம்பத்தின் பல் மரத்தில் படக் கூடாது. நகர நிர்வாகத்தின் மரப் பிரிவுக்கு வந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். விழுந்த கிளையை இழுத்துப் போடுவது, மேலே தொங்கும் கிளையைக் கவனிப்பது, கூடையில் இருப்பவருக்கு ஏதாவது ஆனால் கீழிருந்தே இறக்குவது எல்லாம் அந்தக் கீழாளின் வேலை.

குளிர்காலத்தில் நகர நிர்வாகம் இரண்டு கீழாள் வேலையிடங்களையும் நிறுத்தி வைத்தது. ரெமேவோடு நின்ற வெண்டல் நெவாடாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டான். இன்னொரு வண்டியில் மரம் ஏறும் லூசியோவோடு நின்றவன் பாதாம் ஆலையில் சேர்ந்துகொண்டான். இப்போது மரம் ஏறுகிறவர்கள் இருவர்தான், ஆளுக்கொரு வண்டி, வேறு வேறு தெரு.

இருவருமாக ஒரு வழி செய்துகொண்டார்கள். தோள்பட்டையில் வாக்கிடாக்கியைச் சொருகிக்கொண்டு, வெட்டுமுன் அதில் குரல் கொடுப்பார்கள். மற்றவர் பதில் சொல்வார். மற்றவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனாலும் பதில் இல்லாமல் வெட்ட இருவருக்கும் கை வரவில்லை.

"பாக்காமலே சரிங்கறியே?" என்று ஒரு நாள் ரெமே கேட்டாள்.

"இங்க ஒரு பூனை நிக்குது. அதைப் பாத்துதான் சொல்றேன்" என்றான் லூசியோ. "உன் உசிருக்கு அந்தப் பூனைதான் பொறுப்பு."

ரெமே தனியாக இருப்பவள். நகருக்கு வெளியே ஒரு டிரெய்லர் வீடு. பல நாட்களில் அவள் காதில் விழுந்த மனிதக் குரல் லூசியோவுடையது ஒன்றுதான்.

"விலகு" என்றாள் இப்போது.

வாக்கிடாக்கி இரைந்தது.

"விலகு. லூசியோ."

இரைச்சல் மட்டும். ரம்பத்தை அணைத்தாள். இன்னும் ஒரு முறை கூப்பிட்டாள். பிறகு கூடையை இறக்கி, அவன் தெருவுக்கு வண்டியை விட்டாள்.

மல்பெரித் தெருவில் அவன் வண்டி விளக்கு எரிய நின்றது. கூடை தரையில் இருந்தது. லூசியோ ஒரு வீட்டின் முன்புல்லில் மல்லாந்து கிடந்தான். வெட்டிய கிளைகளை இழுத்துப் போட அவனே இறங்கியிருக்கிறான். மேலே சிக்கிக்கொண்டு தொங்கிய கிளை அப்போது விழுந்திருக்கிறது. இரண்டு தொடைக்கும் குறுக்கே அது கிடந்தது. ஒரு கால் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தானாகச் சுழன்று அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. பல் கிட்டித்து நடுங்கினான்.

வாக்கிடாக்கி அவன் கைக்கு எட்டாத தூரத்தில் புல்லில் கிடந்தது.

"எவ்வளவு நேரமாச்சு?"

"தண்ணி ரெண்டு தரம் வந்துட்டுப் போச்சு."

"கத்தியிருக்கலாமேடா."

"கத்தினேன். எல்லா வீட்லயும் ஏசி ஓடுது." அவன் கண்ணை மூடினான். "நீ கூப்பிட்டது கேட்டுது ரெமே. எல்லாமே கேட்டுது."

அவள் கிளையை அறுத்து எடுத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை குழாய்க்கும் அவன் முகத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் அவள் தனியாக வேலை செய்தாள். வெட்டுமுன் "விலகு" என்றாள். வாக்கிடாக்கியைப் பழக்கத்தில் திறந்து வைத்திருந்தாள். அது நாள் முழுக்க இரைந்தது. தெருவில் கார்கள் கிளைகளைச் சுற்றிப் போயின. ஒரு வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டார். வேறு யாரும் அவளிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நகர நிர்வாகி டெல் ஹாகன் வண்டிக் கொட்டகைக்கு வந்தார். மருத்துவமனைக்குப் பூ அனுப்பியதைச் சொன்னார். கால் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர்கள் நம்புவதாகச் சொன்னார்.

"கீழாள் எப்ப வருவாங்க?" என்று ரெமே கேட்டாள்.

"வரமாட்டாங்க. வர்ற பட்ஜெட்ல அந்த ரெண்டு இடத்தையும் எடுத்துடறோம். லூசியோ வேலையையும் கொஞ்ச நாளைக்கு நீங்கதான் பாக்கணும்."

"நான் ஒருத்தியா?"

"பதனமா பாருங்க. அவசரம் வேண்டாம்."

"நெடுஞ்சாலைப் பக்கம் ரெண்டு கிடங்கு புதுசா வந்திருக்கு. வரி கொட்டுதுன்னு நீங்கதானே பேப்பர்ல சொன்னீங்க?"

"கொட்டுது. செலவு பண்ண முடியாது." ஹாகன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. களைத்தவர். "ஊருக்கு எவ்வளவு வரி வந்தாலும் வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல செலவு பண்ணக் கூடாதுன்னு மாநிலச் சட்டம் இருக்கு. மேல வந்ததை ஜனங்களுக்கே திருப்பிக் குடுக்கணும். நாம அந்த வரம்பைத் தொட்டுட்டோம்."

"அந்த வரம்பை யார் போட்டா?"

"யாரும் போடல ரெமே. அது கணக்கு. தானா வர்றது."

"மரத்துல இருந்து கிளை தானா விழுதுன்னுதான் நாங்களும் சொல்லுவோம், வீட்டுக்காரங்ககிட்ட."

ஹாகன் சிரிக்க முயன்றார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

மதியம் ரெமே நகர மன்றத்துக்குப் போனாள். பூட்ஸில் மரத்தூள் உதிர்ந்தது. முகப்பு மேசையில் நகரசபைச் செயலர் மாய் யீ மட்டும் இருந்தாள். முன்பு அங்கே மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இரண்டு மேசைகளிலும் கணினிகளுக்கு உறை போட்டிருந்தது.

"செலவு வரம்புன்னு ஒண்ணு இருக்காமே. அது தானா வருதா?"

மாய் யீ நிமிர்ந்து பார்த்தாள். "இருபது வருஷமா இங்க இருக்கேன். இதை யாரும் வந்து கேட்டதில்ல."

"வருதா?"

"இல்ல. ஒவ்வொரு ஜூன் மாசமும் சபை ஓட்டுப் போட்டு வைக்குது. போன வருஷ வரம்பை எடுத்து, விலைவாசிக்கும் ஜனத்தொகைக்கும் தக்கபடி ஏத்தறது." அவள் பேனாவை மூடினாள். "ஜனத்தொகையில ரெண்டு எண் குடுப்பாங்க. நம்ம ஊர் எவ்வளவு வளந்துச்சு, நம்ம மாவட்டம் எவ்வளவு வளந்துச்சு. எதை வேணா எடுத்துக்கலாம். சட்டமே விடுது."

"நம்ம ஆளுங்க எதை எடுக்கறாங்க?"

"எப்பவும் நம்ம ஊரைத்தான். ஒரு காலத்துல ஊர் வளந்துச்சு, பெருமையா இருந்துச்சு. அந்தப் பழக்கம். இப்ப தக்காளி ஆலை மூடினப்புறம் ஆளுங்க போயிட்டாங்க. ஊர் சுருங்குது. மாவட்டம் வளருது."

"மாவட்டத்தை எடுத்தா?"

"வரம்பு ஏறும். கீழாள் வருவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அப்புறம் வரம்புதான் காரணம்னு அவங்களால சொல்ல முடியாது."

ரெமே உறை போட்ட கணினிகளைப் பார்த்தாள். "இதைச் சபையில யாரும் பேசறதில்லையா?"

"ஒப்புதல் பட்டியல்ல வந்துடும். போன கூட்டத்துக் குறிப்பு, பூங்கா பெஞ்சுக்குப் பெயிண்ட், வரம்பு, எல்லாம் ஒண்ணா. ஒரே ஓட்டு. மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சிடும். அந்த எண்ணை எடுக்கறப்போ யார் யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு பதிவாகணும். மொத்தமா போட்டா அதுவும் பதிவுதான்னு வச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "பட்டியல்ல இருந்து எதை வேணா தனியா எடுக்கச் சொல்லிப் பொதுஜனம் கேக்கலாம். யாரா இருந்தாலும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சொன்னாலும் பரவாயில்ல."

கூட்டம் செவ்வாய்க்கிழமை.

கொட்டகையில் எல்லாப் பிரிவு ஆட்களையும் ஒன்றாகப் பார்ப்பது லேசாக இல்லை. முன்பெல்லாம் காலையில் காபி பாத்திரத்தைச் சுற்றி நின்றுவிட்டுத்தான் வண்டி எடுப்பார்கள். ஆட்களைக் குறைத்தபின் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம். எல்லா வண்டியும் வந்தாக வேண்டிய எண்ணெய்ப் பம்பில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் நிற்கும். திங்கட்கிழமை ரெமே அந்தப் பம்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

முதலில் தெருப் பெருக்கும் வண்டியோடு காஸ்பர் வந்தான்.

"என்ன ரெமே, பம்புக்குக் காவலா? திருடறதுக்கு இங்க என்ன இருக்கு, என் தொப்பையைத் தவிர?"

அவள் வரம்பைப் பற்றியும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் சொன்னாள். அவன் சிரிப்பு அடங்கியது. எண்ணெய் ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷந்தான் இருக்கு. இப்பப் போய் வாயைத் திறந்தா?"

"நீ பேச வேண்டாம். வந்து உக்காரு போதும்."

"உக்காந்தா மட்டும் மூஞ்சி தெரியாதா? இந்த மூஞ்சியை எங்க ஒளிக்கறது?"

பிறகு தெருவிளக்குப் பிரிவு ஹர்பால் வந்தான். அவனும் கம்பத்தில் தனியாகத்தான் ஏறுகிறான்.

"மின்சாரத்துல கை வச்சா எனக்கு மரம் மாதிரி கிளை விழாது. சத்தமே இருக்காது" என்றான். "எம் பொண்ணு தினம் மத்தியானம் போன் பண்றா. எதுக்குன்னு நினைக்கற? அப்பா எடுக்கறாரான்னு பாக்க."

"வருவியா?"

"எம் பொண்டாட்டிகிட்ட கேக்கணும்" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பூங்காப் பிரிவில் இருவர், நூலகத்தில் ஒருத்தி, தீயணைப்பு நிலையத்தில் ஒருவன். எல்லாரும் கேட்டார்கள். யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. மாலையில் மல்பெரித் தெருவுக்குப் போய் அந்தப் புல்வெளி வீட்டின் மணியை அடித்தாள். வயதான ஒரு அம்மாள் கதவைச் சங்கிலியோடு திறந்தார். ரெமே விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவை மூடினார்.

செவ்வாய்க்கிழமை மாலை ரெமே துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனாள். சபைக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அந்த வரிசையில் அவள் மட்டும்தான். பின்னால் கதவு அவ்வப்போது திறந்து மூடியது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாய்ப் பூங்கா கேட்டு வந்தவர்கள் ஒரு மூலையில் கூட்டமாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

மேயர் காரல் ஸ்டிட், வீடு விற்றுக்கொடுக்கும் தொழில் செய்யும் பெண்மணி. கொடிவணக்கம் முடிந்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

"ஒப்புதல் பட்டியல். யாருக்காவது எதையாவது தனியா எடுக்கணுமா? இல்லேன்னா..."

மேசையில் தட்டி முடிக்கும் சுத்தி கையில் இருந்தது. ரெமே எழுந்தாள்.

"ரெமெதியோஸ் பராஹாஸ். மரப் பிரிவு. செலவு வரம்பைத் தனியா எடுக்கணும்."

சுத்தி இறங்கவில்லை. ஹாகன் நிமிர்ந்தார்.

"அது சும்மா வருஷா வருஷம் போடற கணக்குங்க" என்றார் மேயர். "தப்பா இருக்குன்னு சொல்றீங்களா?"

"கணக்கு எனக்குத் தெரியாது மேடம். ரெண்டு எண் இருக்காம். ஒண்ணை எடுத்தா நான் தனியா மரம் ஏறணும். எதை எடுக்கறீங்கன்னு நீங்க ஒவ்வொருத்தரும் பேர் சொல்லிச் சொல்லணும். நாங்க கேக்கணும்."

"மாவட்ட எண்ணை எடுத்தா ஜனங்களுக்குத் திரும்பிப் போற பணம் குறையும். தெரியுமா உங்களுக்கு? நவம்பர்ல அவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க. லூசியோவுக்கும் சொல்லுங்க. அவன் கத்தினப்போ ஜனங்கதான் சுத்தி இருந்தாங்க. எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க."

மேயரின் முகம் இறுகியது. "நாங்க, நாங்கங்கறீங்க. யாரு அந்த நாங்க?"

ரெமே சபையின் மேசை விளிம்பைப் பார்த்தாள்.

பின்னால் ஒரு நாற்காலி மடிந்து அடித்துக்கொண்டது. அந்தக் கூடத்து நாற்காலிகள் ஆள் எழுந்தால் தானே மடிகிறவை. இன்னொன்று அடித்தது. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல.

"காஸ்பர் சில்வெய்ரா. தெருப் பெருக்கற வண்டி. வேற ஒண்ணும் சொல்லலீங்க. நின்னுட்டிருக்கேன், அவ்வளவுதான்."

"ஹர்பால். விளக்குப் பிரிவு. எம் பொண்ணும் வந்திருக்கா."

"நான் மல்பெரித் தெரு" என்றது ஒரு முதிய குரல். "அது எங்க வீட்டுப் புல்லு. குழாயை நிறுத்தக்கூட நான் எழுந்திருக்கல."

ஹாகன் மேயரின் காதில் ஏதோ சொன்னார். மேயர் தலையசைத்தார்.

"சரி. அந்த அம்சத்தைத் தனியா எடுக்கறோம். கடைசியில வரும். நாய்ப் பூங்கா, வாகன நிறுத்தம், எல்லாம் முடிஞ்சப்புறம். நேரமாகும். காலையில உங்களுக்கெல்லாம் வேலை இருக்கு."

"இருக்கு" என்றாள் ரெமே.

மற்ற அம்சங்கள் ஒரே ஓட்டில் போயின. மாய் யீ தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வரம்பு ஏறுமா என்று தெரியாது. சபை உறுப்பினர்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் இவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

ரெமே உட்கார்ந்தாள். அவள் வரிசையில் யாரோ நுழைந்தார்கள். காஸ்பர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த நாற்காலியை இறக்கினான். அவனுக்கு அப்பால் ஹர்பாலும் அவன் மகளும். பூங்கா ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். ஹர்பால் அலுமினியத் தாளில் சுற்றிய பராத்தாவைப் பிய்த்துக் கை மாற்றி அனுப்பினான். மல்பெரித் தெரு அம்மாளுக்கு இடம் வேண்டியிருந்தது. எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் நகரு ரெமே" என்றான் காஸ்பர். "என் தொப்பைக்கும் ஒரு நாற்காலி வேணும்."

நகர இடமில்லை. ஒரு பக்கம் அவன் தோளும் மறு பக்கம் அந்த அம்மாளின் தோளும் அவளை இறுக்கின. பராத்தா இன்னும் சூடாக இருந்தது. நாய்ப் பூங்காக்காரர் ஒருவர் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினார். அவருக்கு நிறையச் சொல்ல இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.