தம்பியின் புது மாஸ்க்

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சோதிக்கும் டைவரான என் தம்பி, அவன் மனைவி, அவளுடைய அண்ணனான வெல்டர். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் வாசலைக்கூட மிதித்ததில்லை.

தம்பி தலையைத் துவட்டாமலே நாற்காலியில் சாய்ந்திருந்தான். காலையில் இறங்கியவன் பத்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டான். இரண்டு மணிக்கு மறுபடி இறங்க வேண்டும். அப்போதும் பாதியில் ஏறினால் இனித் தண்ணீர் வேலை கிடையாது, மேலே நின்று கயிறு பிடிக்க வேண்டியதுதான் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். இருபத்தாறு வருடம் இறங்கியவனிடம்.

"பட்டறை முழுக்க இதே பேச்சு," என்றார் வெல்டர். "மாப்பிள்ளைக்கு அடியில பயம் வந்துடுச்சாம். ஒருத்தன் என்கிட்டயே வந்து, 'உங்க மாப்பிள்ளைக்கு இனிமே பக்கெட் தண்ணி போதுமா'ன்னு கேக்குறான்."

"நம்ம வீட்டு ஆளு எவனும் பயந்து மேல வந்ததில்ல," என்றேன். "என்னடா ஆச்சு?"

"மாஸ்க் கண்ணாடியில ஆவி படிஞ்சுடுச்சு அண்ணே. உள்ள தண்ணி விட்டு நாலு தடவை அலசினேன். அலச அலச மங்குது. கப்பலடியில வெடிப்பு எங்க இருக்குன்னே தெரியல."

"புது மாஸ்க்காச்சே! பாத்துப் பாத்து வாங்கினேனே."

அவன் காதைச் சொறிந்துகொண்டான். அவன் மனைவி பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாகவே வைத்தாள்.

"புதுசுங்கறதாலதான் மாமா. கண்ணாடி உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாம ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். பேஸ்ட் போட்டு நாலஞ்சு தடவை தேய்ச்சாத்தான் போகும். நேத்து தேய்க்கத்தான் எடுத்தாரு. 'புதுக் கண்ணாடியக் கீறப் போறியா'ன்னு நீங்க பிடுங்கி, உங்க பீரோவுல வெச்சுப் பூட்டிட்டீங்க. காலையில அப்படியே எடுத்துக் குடுத்தீங்க."

"ஏய், விடு," என்றான் தம்பி.

ஐம்பது வயதிலும் அவன் என் பேச்சைத் தட்டியதில்லை. அதை நான் நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொன்னதுண்டு.

"மேஸ்திரிகிட்ட இதச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? எங்கண்ணன் தேய்க்க விடலன்னா? உங்களப் பாத்துச் சிரிப்பாங்க அண்ணே. அதுக்கு என்னப் பாத்தே சிரிக்கட்டும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாஸ்க்கை எடுத்துத் தொட்டியடிக்குப் போனேன். வெள்ளை பேஸ்ட்டை விரலில் எடுத்து உள்பக்கக் கண்ணாடியில் தேய்த்தேன். கழுவி ஊதினேன். வெண்மையாக மங்கி, அப்படியே நின்றது.

"ஓரத்த விட்டுட்டீங்க மாமா."

மறுபடி தேய்த்தேன். மூன்றாம் தடவை மணிக்கட்டு கடுத்தது. தம்பி எழுந்து வந்து கையை நீட்டினான். கொடுக்கவில்லை.

"பெரியவரே, நாளைக்குப் பல்லு தேய்க்கக் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்றார் வெல்டர். யாரும் சிரிக்கவில்லை, அவர் மட்டும் சிரித்தார்.

ஐந்தாம் தடவை ஊதியபோது மங்கல் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

இரண்டு மணிக்கு நானும் தம்பியோடு போனேன். நடந்ததை மேஸ்திரியிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சிலர் சிரித்தார்கள். தம்பி ஆவி படியாமலிருக்கக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தடவி, அலசி மாட்டிக்கொண்டான். புதுக் கண்ணாடியாயிற்றே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இறங்கியவன் நாற்பது நிமிடம் கழித்து, வெடிப்பின் நீளத்தை அளந்துகொண்டுதான் வந்தான்.

டைவர் பயந்து ஏறினான், அண்ணன் வந்து கெஞ்சி வேலையைக் காப்பாற்றினார் என்று இப்போதும் சொல்கிறார்கள். அது தவறு. மாஸ்க் மங்கியதால் ஏறினான். மங்கியது என்னால். நான் யாரிடமும் கெஞ்சவில்லை.