ஞாயிற்றுக்கிழமை வேன்

ரொட்டி கம்பெனி டிரைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது வாலிபால் கிளப்பின் பெற்றோர் கூட்டத்தில்தான்.

பக்கத்து ஆலையில் இரண்டு ஷிப்டை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பஸ்ஸின் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கோச் எழுந்தார். பகலில் எலக்ட்ரீஷியன் வேலை, சாயங்காலம் சம்பளம் இல்லாமல் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று இருப்பவர். மென்று விழுங்கித்தான் பேசினார்.

"பஸ் செலவு இல்லைன்னா ஃபீஸைப் பாதியாக்கிடலாம். இல்லைன்னா ஏழு பிள்ளைங்க நின்னுடுவாங்க."

அந்த ஏழு பேரில் தன் மகளும் ஒருத்தி என்பது டிரைவருக்குத் தெரியும். "வேன் ஏதாவது கிடைச்சா நான் ஓட்டுறேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கை தட்டிவிட்டார்கள். பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸ் அங்கே வேறு யாரிடமும் இல்லை.

மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றின் வேன் கிடைத்தது. வாரத்தில் ஆறு நாள் ரொட்டி வண்டி, ஏழாவது நாள் இது. மூன்றே மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. செருப்பு மாட்டக் குனிந்தால் நிமிர முடியவில்லை.

"விட்டுத் தொலைங்களேன். ஒரு நாளாவது படுத்து எந்திரிங்க" என்றாள் மனைவி.

"நம்ம பிள்ளை ஆடுற வரைக்கும்தானே."

அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினாலு வயது மகள் உள்ளே சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஒரே சீட்டைத் துடைத்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு வாலிபால் போதும்ப்பா."

அவர் குழாயை மூடினார். "அடிபட்டுடுச்சா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. பிடிக்கல, அவ்வளவுதான். எட்டு மாசமாவே பிடிக்கல."

"எட்டு மாசமாவா? ஏன்மா வாயைத் திறக்கல?"

"நீங்க எனக்காகத்தானே ஓட்டுறீங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு. எப்படிச் சொல்றது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் உனக்காக ஓட்டுறேன், நீ எனக்காக ஆடுற. நல்ல அப்பன், நல்ல பொண்ணு."

மகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்று சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்கப்போவதாகவும் சொன்னார். அதை நினைத்தாலே பாதி வலி குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் கிளப்புக்குப் போனார். ஹாலின் மூலையில் தையல்கார அம்மா உட்கார்ந்து பழைய பனியன்களில் நம்பர் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் காசு வாங்குவதில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தியான அவள் மகள் வலைக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு, இன்னொருத்தியை ஏதோ சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். வந்த புதிதில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அது.

மகள் நின்றுவிட்டதையும், இனி வேன் ஓட்டப்போவதில்லை என்பதையும் டிரைவர் கோச்சிடம் சொன்னார். கோச் மறுத்துப் பேசவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சரிண்ணே. ஒரு வருஷம் ஓட்டுனதே பெரிசு."

"வேற ஆளு…?"

"முன்னாடியே பார்த்தாச்சுண்ணே. சம்பளத்துக்குத்தான் ஆள் இருக்கு. அந்தக் காசுக்குப் பஸ்ஸே எடுத்துடலாம்." ஏழு பிள்ளைகள் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

தையல்கார அம்மா ஊசியை நிறுத்தாமல் பேசினாள். "நீங்க நிறுத்திக்கங்கண்ணே. எங்க பாரத்தை எத்தனை நாளைக்கு உங்க தலையில கட்டுறது? நீங்க பண்ணதை நாங்க மறக்க மாட்டோம்."

அவள் சண்டை போட்டிருந்தால், நாலு வார்த்தை திருப்பிப் பேசிவிட்டு வெளியே வந்திருப்பார். இப்படிச் சொன்ன பிறகு கால் வாசலுக்கு நகரவில்லை. அவர் சம்பளமும் இந்த வருஷம் ஏறவில்லை. ஃபீஸ் கட்ட முடியாமல் பட்டியலில் பெயரை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இந்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கோச் அவரை நிமிர்ந்து பார்க்காமலே, "ஆறரைக்குண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பினார். வேனில் பிள்ளைகள் அவளைப் பற்றி ஒரு தடவை கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இரண்டு மணி நேரப் பயணம். ஹாலுக்குள் அவர்கள் ஓடிப்போனதும், அவர் இரண்டு சீட்டில் குறுக்காகப் படுத்துப் பார்த்தார். கால் நீட்ட இடம் இல்லை. ஒருக்களித்தால் இடுப்பு குத்தியது.

ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. தையல்கார அம்மாவின் மகள்.

"மாமா, ஆட்டம் ஆரம்பிக்கப்போகுது. உள்ள வந்து பாருங்க."

"நீ போம்மா. வரேன்."

பிள்ளை ஓடிவிட்டது. உள்ளே விசில் ஊதினார்கள். யாருடைய ஆட்டத்தைப் போய்ப் பார்ப்பது? அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் கோச்சின் பட்டியலில் வெளியூர் ஆட்டம்தான். டிரைவர் காலை மடக்கிக்கொண்டு கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. திரும்பக் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.