தலை விரிந்த உளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பட்டறையில் யாரும் என்னிடம் குறை சொல்ல மாட்டார்கள், என் தம்பி உட்பட.

அன்று துருப்பிடித்த போல்ட்டை வெட்ட அவன் உளியைப் பிடித்தான், நான் சம்மட்டியால் அடித்தேன். உளியின் தலை அடி வாங்கி வாங்கி விரிந்து, விளிம்பெல்லாம் பிசிறாக இருந்தது. அதைத் தேய்த்துவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அவசரம். மூன்றாவது அடியில் ஒரு பிசிறு தெறித்து அவன் வலது கண்ணுக்குள் போய்விட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போடாதது தன் தப்பு என்றே எல்லோரிடமும் சொன்னான். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரும்பை எடுத்துக் கண்ணைத் தைத்தார்கள். பத்தாம் நாள், கண்ணில் கறுப்பாக ஏதோ இறங்குகிறது என்றான். ஓடினோம்.

"விழித்திரை கழண்டிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஒட்டவச்சு, லேசர் போட்டு, உள்ள வாயுவை நிரப்புவோம். அந்தக் குமிழி மேல எழும்பித் திரையை அமுக்கிப் பிடிக்கணும். ஏழு நாள் குப்புறவே இருக்கணும். மல்லாந்து படுத்து, மறுபடி கழண்டா பார்வை திரும்பறது கஷ்டம்."

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

வீட்டில் மேசை விளிம்பில் நெற்றியை வைத்துக் கிடந்தான். ரசமட்டத்தைக் கொண்டுவந்து அவன் பின்மண்டையில் வைத்துப் பார்த்தேன்.

"என்னண்ணே, சுவரா கட்டுற?"

"பேசாத. இடப்பக்கம் சாயுற."

அவன் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் மதியம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. புரட்டிப் போட்டேன். மீதி மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மா அவன் இடது கண்ணை மூடச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

வலது கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"கீழ தண்ணி மாதிரி ஆடுது. அதுக்கு மேல உங்க முகம் மங்கலா தெரியுது."

"குமிழி கரையுது. உள்ள மேல இருக்கறது உனக்குத் தலைகீழா கீழ தெரியும்," என்றார், உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு. "திரை ஒட்டியிருக்கு."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டியது.

"அந்த உளியைத் தேய்க்காம எடுத்தது நான்தான்டா. தப்பு என்னோடது."

"தெரியும்ணே. கையில வாங்கும்போதே பாத்தேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

என் குரல் எகிறிவிட்டது. அவன் தோள்கள் ஒடுங்கின.

"நீ இப்படிக் கத்துவியேன்னுதான்," என்றான்.